மாடிக்கு வெள்ளை

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலைக் குன்றுக்குப் புரட்டாசி சனிக்கிழமைகளில் சீனிவாசப் பெருமாளைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். எனக்கு அந்தக் குன்று பங்குனியில்தான் பிடிக்கும். மேலே நின்று பார்த்தால் கீழே மொட்டைமாடிகள் சில புது வெள்ளையில் பளிச்சென்று தெரியும். வெயிலுக்கு முன்னால் மாடிக்குச் சுண்ணாம்பு அடித்த வீடுகள் அவை.

கூரை வர்ணம் என்றால் பலருக்கும் அழகுதான் நினைவுக்கு வரும். இது உயிரைக் குளிர்விக்கிற வேலை. கருத்த கான்கிரீட் வெயிலைக் குடித்து, ராத்திரி முழுக்க அறைக்குள் கக்கும்; வெள்ளை பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். தெலங்கானா 2023-இல் இப்படி வெயிலைத் திருப்பும் குளிர்கூரைக்கென்றே அரசுக் கொள்கை கொண்டுவந்தது.

கைப்பக்குவத்தைத்தான் நான் ரசிப்பேன். கற்சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டால் கொதித்துப் பொங்கும். ராத்திரி முழுக்க ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, பிடிப்புக்குக் கொஞ்சம் பசை சேர்ப்பார்கள். தரையைத் துடைப்பத்தால் தேய்த்து, பாசியைச் சுரண்டி, தண்ணீர் தெளித்த பிறகே மட்டையை எடுப்பார்கள். உச்சிவெயிலில் அடிக்கக் கூடாது. ஈரம் சட்டென்று போய்விட்டால் பூச்சு மாவாய் உதிரும். மெதுவாகக் காய்ந்தால்தான் காற்றிலுள்ள கரியமிலவாயுவைப் பிடித்துச் சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. அடிக்கும்போது சாம்பலாகத் தெரிவது காயக்காய வெளுக்கும்; அந்த மாற்றத்தைப் பார்ப்பதற்கே மாடியேறலாம்.

கடையில் அக்ரிலிக் கூல் ரூஃப் பெயிண்ட் கிடைக்கிறது. கூடுதல் வருஷம் நிற்கும், விலையும் கூடுதல். ஐப்பசி மழையில் சுண்ணாம்பு கரையத்தான் செய்யும். ஆனாலும் கூலிக்காரர் வீட்டுக்கும் கட்டுப்படியாவது அதுதான். அடுத்த பங்குனியில் மறுபடி அடித்துக்கொள்ளலாம்.