இரண்டு கிழமைத் தொண்டு

கடந்த இதழில் வெளியான கட்டுரையொன்று, புலம்பெயர் நாடுகளில் வளரும் நம் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் இரண்டு கிழமைக்கு மட்டக்களப்புக்கும் வன்னிக்கும் தொண்டுக்கு அனுப்பவேண்டும் என்கிறது. எழுதியவரின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் போகிற பிள்ளைகள் என்ன பெறுவார்கள் என்பதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கியவர், ஊரவர் என்ன பெறுவார்கள் என்பதை ஒரு பந்தியில் முடித்துவிட்டார். அதிலும் ஆங்கிலம் கற்பிப்பதும் பள்ளிச் சுவருக்கு வர்ணம் பூசுவதும்தான் வருகின்றன. எங்கள் ஊரில் வர்ணம் பூசத் தெரிந்தவன் வேலையில்லாமல் சந்தியில் நிற்கிறான் என்பது அவருக்குத் தெரியாதா?

நான் இதை எழுதுவது ராஸ் லஃபானில் இருந்து. டோகாவுக்கு வடக்கே சுமார் எண்பது கிலோமீற்றர் தள்ளி, கடலடி வாயுவைத் திரவமாக்கிக் கப்பலேற்றும் நகரம் இது. குழாய் செய்யும் பட்டறையொன்றில் எனக்கு வேலை. என் அறையில் நால்வர், இருவர் நேபாளிகள். 2005 இல் தொடங்கப்பட்ட ‘ரீச் அவுட் டு ஏசியா’ போன்ற அமைப்புகள் மூலம் கட்டாரில் இருந்தும் இளைஞர்கள் ஆசியாவின் வறிய நாடுகளுக்குத் தொண்டுக்குப் போகிறார்கள். அப்படி நேபாளம் போய்வந்த இளம் எஞ்சினியர் ஒருவர் ஒருநாள் சாப்பாட்டுக்கூடத்தில் படங்கள் காட்டினார். பிள்ளைகள் நடுவே அவர் குந்தியிருந்தார். பக்கத்தில் இருந்த நேபாளி வெல்டர் படத்தைப் பார்த்துவிட்டு, தன் ஊர் அங்கிருந்து அரைநாள் பஸ் பயணம் என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்ல இருந்தது. 2015 ஏப்ரல் பூகம்பத்தில் நேபாளத்தில் ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேர் இறந்தார்கள். கட்டாரில் உலகக் கிண்ணக் கட்டுமானங்களில் வேலைசெய்த தம் நாட்டவருக்கு, இறந்த உறவினரின் காரியங்களுக்குப் போகக்கூட விடுப்புக் கிடைக்கவில்லை என்று அந்நாட்டுத் தொழில் அமைச்சரே அப்போது பகிரங்கமாகக் குறைப்பட்டார். முதலாளியின் வெளியேறும் அனுமதி இல்லாமல் தொழிலாளி நாட்டைவிட்டுப் போகமுடியாத காலம் அது. பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு நீங்கியது 2018 இல்தான். அந்த ஊர்களுக்குத் தொண்டர் தேவை என்கிறோம். அந்த ஊர்களின் வேலைசெய்யத் தெரிந்த கைகளோ இங்கே பட்டறைகளில் இருக்கின்றன.

இந்த விவாதம் பழையது. 1968 ஏப்ரலில், மெக்சிக்கோவுக்குக் கோடைத் தொண்டுக்குப் புறப்படவிருந்த வட அமெரிக்க மாணவர்களின் மாநாட்டில் பேசிய இவான் இலிச், பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்ற கருத்தை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். கம்போடிய அநாதை இல்லங்களின் கதை அவர் பக்கம் நிற்கிறது. அங்குள்ள பிள்ளைகளில் நாலில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பதை 2011 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பார்க்க வருபவர்களின் பணம் இருக்கும்வரை அநாதைகளும் இருப்பார்கள்.

ஆயினும் இலிச்சை முழுதாக ஏற்க என்னால் முடியாது. 2008 செப்ரெம்பரில் அரசாங்கத்தின் உத்தரவுப்படி ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டபோது, போகாதீர்கள் என்று சனம் வாசலில் நின்று மன்றாடியது. அரிசிக்காக மட்டும் அல்ல, அந்நியக் கண்ணொன்று அங்கே இருக்கவேண்டும் என்பதற்காகவும்தான். அது போனபின் நடந்தது நமக்குத் தெரியும். அங்கே தேவைப்பட்டது ஆபத்திலும் கூட இருப்பவர்கள். இரண்டு கிழமைக்குப் போகிறவர், திரும்பும் ரிக்கற்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போகிறார். 2006 ஓகஸ்ற்றில் மூதூரில் சுட்டுக்கொல்லப்பட்ட பதினேழு தொண்டுநிறுவனப் பணியாளர்களும் உள்ளூரவர்கள் என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

இனி என் சங்கதி. சுனாமிக்குப் பிந்திய மாதங்களில் நான் கிழக்கில் விரிவுரையாளன். உலகெங்கும் இருந்து சுமார் 1,350 கோடி டொலர் உதவி திரண்ட அனர்த்தம் அது. மீனவனுக்கு வள்ளம் கொடுக்க நிறுவனங்கள் போட்டியிட்டன. மீன்பிடிக்கவே தெரியாதவனுக்கும் வள்ளம் கிடைத்தது. முதல் நாட்களில் உயிர்களைக் காப்பாற்றியவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்தவர்களே என்று 2006 இல் வந்த சர்வதேச மதிப்பீடும் ஒப்புக்கொண்டது. என் மாணவர்கள் படிப்பை விட்டுவிட்டு மொழிபெயர்ப்பாளர்களாகவும் வான் சாரதிகளாகவும் போனார்கள். கண்டித்தேன். பிறகு நானும் போனேன். ஒருநாட் கூலி, என் சம்பளத்தில் ஒரு கிழமைக்குச் சமம்.

நாவலடியில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு அம்மாவிடம் மூன்று குழுக்களைக் கூட்டிப்போயிருக்கிறேன். எல்லாரும் அழுதார்கள், எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். நாலாவது குழுவோடு போனபோது அவர் என்னைப் பார்த்து, “சேர், உங்களுக்குத்தான் பாடமாயிருக்குமே, நீங்களே சொல்லிவிடுங்கோவன்” என்றார். நான் சொன்னேன். ஆங்கிலத்தில், எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரிந்து, நன்றாகவே சொன்னேன். அவர் அடுப்படிக்குப் போய்விட்டார்.

கட்டுரையாளர் தம் பிள்ளைகளை அனுப்பட்டும். மொழிபெயர்ப்பாளன் இல்லாமல் அந்த அம்மாவோடு பேசக்கூடிய அளவுக்கு எத்தனை பேருக்குத் தமிழ் தெரியும், சமையலறை வரைக்கும் போய் உட்கார எத்தனை நாள் அவர்களிடம் இருக்கிறது என்பதை அடுத்த இதழில் எழுதுவாரா?