நொடிக்கணக்கில் அடங்காதது

பலர் கூடி ஒரு கதையைப் படைக்கும்போது, காதற்காட்சிக்கு வரம்பு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அவ்வரம்பு பெரும்பாலும் எவ்வளவு காட்டலாம் என்பதோடு நின்றுவிடுகிறது. அமெரிக்கத் திரையுலகம் 1930இல் ஏற்ற ஒழுக்க விதிகளை வரைந்தவர்களுள் சேசு சபைக் குரு டேனியல் லார்டும் ஒருவர். 1934 முதல் அவை கண்டிப்புடன் செயல்பட்டன. முத்தம் மூன்று நொடிகளுக்கு மேல் நீடிக்கலாகாது என்பது அன்றைய நடைமுறை என்பர். ஹிட்ச்காக் 1946இல் ‘நொட்டோரியஸ்’ படத்தில் என்ன செய்தார்? காதலர் இதழ் பிரிந்து, இரவு உணவுக்குக் கோழி சமைப்பதைப் பற்றி ஓரிரு சொல் பேசி, மீண்டும் நெருங்குகின்றனர். தொலைபேசி உரையாடலின் நடுவிலும் இதுவே தொடர்கிறது. காட்சி இரண்டு நிமிடங்களைக் கடக்கிறது, விதியோ மீறப்படவில்லை! சட்டத்தை இவ்வளவு பணிவாக ஏமாற்றியவர் அரியர்.

நம்மை உறுத்துவது அந்த முத்தமன்று. பகைவன் ஒருவனின் காதலைப் பெற்று உளவறிய அப்பெண்ணை அனுப்ப, அரசு அலுவலர் முடிவுசெய்கின்றனர். “போகாதே” என்று காதலன் சொல்வான் எனக் காத்திருக்கிறாள் அவள். அச்சொல் அவனிடமிருந்து வரவில்லை. ஒரு பெண்ணின் அன்பு கருவியாக்கப்படும் அவ்விடத்தில், அளப்பதற்கு நொடிகளே இல்லை. அவள் ஆசையோடு சமைத்த கோழி மேசையில் ஆறிக் கிடக்கிறது.