பொறுமையும் பொறுப்பும்: புத்தளக் கரையோரத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

'ஏற்றல்' என்னும் தமிழ்ச் சொல் மனம் இசைந்து கொள்வதைக் குறிக்கும். இரந்து பெறுவதையும் குறிக்கும். இதனை வெறும் அகராதிச் செய்தியாக நாம் கருதவில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவிலிருந்து படகேறியோர் கற்பிட்டியில் கரையிறங்கினர். பெரும்பாலோருக்குப் புத்தளம் மாவட்டமே புகலிடமாயிற்று. நிவாரண அரிசியை ஏற்று நிற்பவனிடம் விதியையும் ஏற்றுக்கொள் என்று சொல்வது எளிது.

உளவியலில் இச்சொல் பெற்ற செல்வாக்கிற்கு எலிசபெத் கூப்ளர்-ரோஸ் 1969 இல் வெளியிட்ட நூல் ஒரு முக்கிய காரணம். மறுப்பு, சினம், பேரம், சோர்வு, ஏற்பு என அவர் வகுத்த ஐந்து படிகளும் மரணத்தை எதிர்நோக்கிய நோயாளருடன் நிகழ்த்திய உரையாடல்களிலிருந்து பெறப்பட்டவை. பின்னர் எல்லா இழப்புகளுக்கும் அவை பொருத்தப்பட்டன. தீராத நோயும் துப்பாக்கி முனையில் வந்த கட்டளையும் ஒரே வகையினவா? நோயாளியின் சினம் கடந்து செல்லவேண்டிய படியாக இருக்கலாம். வீட்டுத் திறவுகோலைப் பறிகொடுத்தவனின் சினமோ ஒரு தீர்ப்பு. அதனை நோய்க்குறியாக்குவது அநீதியை மருத்துவமாக்குவதாகும். எனினும், பிற்காலத்தில் ஸ்டீவன் ஹேய்ஸ் முதலியோர் வகுத்த சிகிச்சை முறை, ஏற்பு என்பது வேதனையிலிருந்து ஓடாமலிருத்தலேயன்றி வேதனை தந்த நிலைமைக்கு இணங்குதல் அன்று என வலியுறுத்துவதை நாம் மறத்தலாகாது.

ஆன்மிகத்தின் பக்கம் திரும்பினால் நமது முற்போக்கு நண்பர்கள் அவசரப்படுகின்றனர். மதம் பற்றி மார்க்ஸ் 1844 இல் எழுதியதில் அபினி மட்டுமே அவர்கள் நினைவில் நிற்கிறது. அதே பந்தியில் அவர் குறித்த ஒடுக்கப்பட்டோரின் பெருமூச்சு நிற்பதில்லை. கத்ர், ஸபர் ஆகிய சொற்களைச் செயலின்மையின் மறுபெயராக வாசிப்போர், குர்ஆனின் யூசுப் அத்தியாயத்தைப் பார்த்தல் தகும். அழகிய பொறுமையைக் கைக்கொண்ட யஃகூப் நபி அழுது அழுது கண்பார்வை இழக்கிறார். ஆயினும் மகனைத் தேடிச் செல்லுமாறு பிள்ளைகளை அனுப்புகிறார். அவரது பொறுமைக்குள் கண்ணீரும் உண்டு, தேடலும் உண்டு. இதே கரையோரத்தில், உடப்பு மீனவர் தீமிதித்து வழிபடும் திரௌபதி, நீதி கிடைக்கும்வரை கூந்தல் முடியேன் எனச் சூளுரைத்தவள். ஏற்க மறுப்பதும் இம்மண்ணில் ஓர் ஆன்மிகமே.

சரிகா திராணகம 2011 இல் வெளியிட்ட ஆங்கில நூல் இங்குக் கவனத்திற்குரியது. புத்தளம் முகாம்களில் பெற்றோருக்கு 'ஊர்' வடக்கில் இருக்க, அங்கேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு அச்சொல் வேறு பொருள் கொள்வதை அவர் நுணுகிக் காட்டுகிறார். பிள்ளை புத்தளத்தை ஏற்பது தந்தையின் காணியைக் கைவிடுவதாகுமா? நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஆனால், அவர்கள்தாம் அங்கே வேரூன்றிவிட்டார்களே என்று 2009 இற்குப் பின் மீள்குடியேற்றத்தைத் தட்டிக்கழிப்போருக்கு அது வாய்ப்பான வாதமாகிறது. பாதிக்கப்பட்டவனின் பொறுமையே அவனுக்கெதிரான சாட்சியாக்கப்படுகிறது.

'பொறு' என்னும் ஒரே அடியிலிருந்தே பொறுமையும் பொறுப்பும் பிறக்கின்றன. முன்னதை முகாமிலிருந்தோரிடம் வேண்டிய தமிழ் அறிவுலகம் பின்னதைத் தன் தலையில் ஏற்றதா? 2002 ஏப்பிரலில் கிளிநொச்சியில் அன்ரன் பாலசிங்கம் வெளியேற்றம் குறித்து வருத்தம் தெரிவித்தார். திறனாய்வாளராகிய நாமோ அந்த அளவுக்குக்கூட வந்தோமில்லை. நம்மவர் போரிலக்கிய ஆய்வுகளில் 1983 யூலைக்குத் தனி இயல் வாய்க்கிறது; 1990 ஒக்டோபர் பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்போடு முடிந்துவிடுகிறது.