ஏட்டில் இல்லாத கரை

"மஹாவம்சத்தில நம்ம ஆட்கள் எங்க, சேர்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். மகாநாம தேரர் எழுதிய முதற்பகுதி இஸ்லாத்துக்கு முந்தியது. தேடுவதென்றால் பின்வந்த துறவிகளின் சூளவம்சத்தில்தான் தேட வேண்டும். அதற்கு முன் இந்தத் துறவிகளின் அளவுகோலைப் பார்க்கணும். மகாசேனன் மின்னேரிக் குளம் கட்டியவன். மகாநாமருக்கோ அவன் முதலில் தம் மகாவிகாரையை இடிப்பித்தவன். விகாரைக்குக் கொடுத்தவனா, கெடுத்தவனா என்பதே அங்கே பெரிய கணக்கு. கடற்கரை வியாபாரிக்கு அதில் ஏது இடம்? ஆகவே ஏட்டின் மௌனத்தைக் காட்டி, நாம் இங்கே இருக்கவில்லை என்று யாரும் வாதிட முடியாது.

இதே கண்ணால் இப்னு பதூதாவையும் வாசிக்கணும். நம்மவர்கள் அவரைக் காணி உறுதி மாதிரித் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். 1344இல் பத்தாளாவில் (நம்ம புத்தளம் என்பதே பெரும்பாலோர் கருத்து) இறங்கியவர், கரையில் கிடந்த கறுவாக் கட்டைகளைச் சொல்கிறார்; ஆரியச்சக்கரவர்த்தியின் முத்துக்களையும், அவர் பாரசீகம் அறிந்தவர் என்பதையும் சொல்கிறார். பாவாத மலைக்குப் போகக் கிடைத்த பல்லக்கைக்கூட விடவில்லை. அந்த முத்தைக் குளித்தெடுத்தவன் யார், எந்த ஊரான்? அது இல்லை. காழியாரும் அரண்மனை விருந்தாளிதானே! அவர் சொல்லச் சொல்ல எழுதிய இப்னு ஜுஸையும் மொரோக்கோ அரசவை எழுத்தாளர்.