உரோமரின் பொற்காலமும் உழைப்போர் நிலையும்: கிப்பனின் வரலாற்று நோக்கு பற்றியதொரு மதிப்பீடு

உரோமப் பேரரசு பற்றி எழுந்த நூல்களுள், எட்வேர்ட் கிப்பன் 1776 முதல் 1788 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட 'உரோமப் பேரரசின் தளர்வும் வீழ்ச்சியும்' தனியிடம் பெறுவது. தொமித்தியன் இறந்த கி.பி. 96 முதல் கொம்மோதஸ் ஆட்சிக்கு வந்த 180 வரையிலான காலத்தையே, மனித குலம் மிக்க மகிழ்ச்சியும் வளமும் கண்ட காலமென அவர் கணித்தார். நெர்வா முதல் மார்க்கஸ் ஒரேலியஸ் வரை நல்லரசர் ஐவர் ஆண்டமையே அதற்குக் காரணமென்பது அவர் துணிபு. அடிமைகளின் நிலை பற்றி அவர் பேசாமலில்லை. எனினும், காலத்தை அளக்கும் கோலாக அவர் கொண்டது ஆள்வோரின் குணநலனையே. இவ்வளவுகோல் பொருத்தமானதா என்பதே நமது வினா.

அப்பொற்காலத்தில் எழுதப்பட்ட ஆவணமொன்று நமக்குக் கிடைத்துள்ளது. 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த முசிறிப் பப்பிரசு என்னும் அவ்வாவணம் வியன்னாவில் பேணப்படுகின்றது. முசிறி வணிகத்துக்கான கடன், பாலைவழி ஒட்டகச் சுமை, நைல் நதிப் பயணம், நான்கிலொரு பங்கு வரி ஆகியன அதிற் கூறப்படுகின்றன. அதன் மறுபுறத்திற் குறிக்கப்பட்ட கப்பற் சரக்கின் பெறுமதி, செஸ்டர்ஸ் கணக்கில் ஏறத்தாழ 70 இலட்சமாகும். கடன் கொடுத்தோன், கொண்டோன், வரி பெறும் அரசு ஆகிய மூவரும் அதில் உளர். மலைச்சாரலில் மிளகு கொய்தோர் இலர். யவனர் மரக்கலம் பொன்னைக் கொணர்ந்து மிளகை ஏற்றிச் சென்றதைக் கூறும் அகநானூற்றின் 149ஆம் பாடலிலும் அவர்தம் கூலி பேசப்படவில்லை.

நல்லரசன், தீயரசன் என்னும் பாகுபாடும் ஆய்வுக்கு நின்று பிடிப்பதன்று. கரகல்லாவைக் கொடுங்கோலனெனக் கிப்பன் சாடினார். ஆனால், பேரரசின் சுதந்திர மக்கள் ஏறத்தாழ அனைவருக்கும் 212இல் குடியுரிமை வழங்கியது அவனது ஆணையே. வரியைப் பெருக்கும் வேட்கையே அதன் பின்னணி என்பதைக் கிப்பனும் கண்டார். 'மகா' என்ற அடைமொழி பெற்ற கொன்ஸ்தந்தைனோ, தப்பியோடிய குத்தகை உழவரை அவரவர் நிலத்துக்கே மீட்டனுப்பவும், ஓடக் கருதுவோரை விலங்கிடவும் 332இற் சட்டஞ் செய்தான். இருவரையும் இயக்கியது குணநலனன்று. படையையும் நிருவாகத்தையும் தாங்கிய வரிவருவாயின் தேவையே.

வெலிமடையைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களிலிருந்து நோக்குவோர்க்கு இவை தொலைதூரச் செய்திகளல்ல. பிரித்தானிய ஏகாதிபத்தியத்தை உரோமோடு ஒப்பிட்டு அதன் நிருவாகிகளே எழுதினர். குரோமர் பிரபுவின் 1910ஆம் ஆண்டு நூல் அத்தகையது. நாமும் ஒப்பிடலாம், ஆயின், தொழிலாளர் பக்கத்திலிருந்து ஒப்பிடுவோம். இலங்கைத் தோட்டங்களில் 1921இல் ஒழிக்கப்படும்வரை துண்டு முறை நிலவியது. தொழிலாளரின் கடனைத் தீர்க்க வேறொரு தோட்டம் முன்வந்தாலன்றி, அவர்கள் பழைய தோட்டத்தைவிட்டு நீங்குதல் அரிது. உரோமக் குத்தகை உழவரைப் பிணித்தது வரி. இவர்களைப் பிணித்தது கடன். முன்னையது பண்டைய நிலவுடைமை சார்ந்தது. பின்னையது உலகச் சந்தைக்கான முதலாளித்துவ உற்பத்தி சார்ந்தது. இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. எனினும், ஊவாத் தேயிலை கொழும்பு ஏலத்திற் பெற்ற விலைப் பட்டியலில், முசிறி ஆவணத்திற் போலவே, கொய்தவர்க்கு இடமில்லை.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தை இயற்றியவன் கொடுங்கோலனல்லன். அதனை இயற்றியது பாராளுமன்றம். அச்சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பான்மையோர் நாடற்றோராயினர். அவர்களுள் எஞ்சியோர் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

கிப்பனின் உரைநடைப் பெருமிதமும் சான்றுகளைத் துருவி ஆராயும் திறனும் இன்றும் கற்கத்தக்கன. அவரது அளவுகோலை மட்டும் நாம் ஏற்றற்கில்லை. ஒரு காலம் பொற்காலமா என்பதை அரியணையில் இருந்தோனின் பண்பைக் கொண்டு கணித்தல் போதாது. உழைத்தோர் விரும்பியபோது அந்நிலத்தைவிட்டு நீங்க முடிந்ததா, தங்கியபோது அதில் உரிமை பெற்றனரா என்பவற்றைக் கொண்டே அதனைக் கணித்தல் வேண்டும்.