மூன்று சட்டங்களும் ஒரு கைநாட்டும்

இலங்கையின் அரசியலமைப்புச் சட்டம் கற்பிக்கப்படும் வகுப்புகளில் இரண்டு வழக்குகள் பெரும்பாலும் சேர்த்தே பேசப்படுகின்றன. ஒன்று ‘லியனகே எதிர் இராணி’ (1965). மற்றையது ‘காரியப்பர் எதிர் விஜேசிங்க’ (1967). இரண்டையும் முடிவாகத் தீர்த்தது இலண்டனிலிருந்த கோமறைக் கழகம். பின்னைய வழக்கின் மேன்முறையீட்டாளர் கல்முனைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராயிருந்த கேற் முதலியார் எம். எஸ். காரியப்பர். எமது கரையோரத்துப் பிரதிநிதி ஒருவரின் பெயர் பொதுநலவாய நாடுகளின் சட்ட நூல்களில் இடம்பெற்றது இவ்வாறே. இவ்விரு தீர்ப்புகளையும் கொண்டு எமது சட்டப் புலமை ஓர் அளவுகோலை வகுத்துள்ளது. பாதுகாப்பின் பெயரால் உரிமையிழந்த சாதாரண மனிதனின் நிலையை அளப்பதற்கு அவ்வளவுகோல் போதுமானதா என்பதே ஈண்டு நாம் எழுப்பும் வினாவாகும்.

முதலில் வழக்குகளை நோக்குவோம். 1962 ஜனவரியில் ஆட்சியைக் கவிழ்க்க முயன்றதாகப் படை, பொலிஸ் உயர் அதிகாரிகள் சிலர் கைதாயினர். அவர்களைத் தண்டிப்பதற்கென்றே அவ்வாண்டின் 1ஆம் இலக்கக் குற்றவியற் சட்டம் (சிறப்பேற்பாடுகள்) இயற்றப்பட்டது. அது அவர்களது தடுப்புக்காவலைப் பின்னோக்கிச் சட்டபூர்வமாக்கியது; காவலிற் பெறப்பட்ட, சான்றாக ஏற்கமுடியாத வாக்குமூலங்களை ஏற்கத்தக்கனவாக்கியது; தண்டனையையும் பின்னோக்கி உயர்த்தியது. பதினொருவருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1965இல் கோமறைக் கழகம் அத்தீர்ப்பை நீக்கியது. குறித்த சிலரைக் கருதி இயற்றப்பட்ட அச்சட்டம், நீதிமன்றுக்குரிய அதிகாரத்தைப் பாராளுமன்றம் கவர்ந்த செயலாகும் என்பதே அதன் முடிபு.

காரியப்பர் வழக்கிலும் சட்டம் குறித்த சிலரையே கருதியது. 1965ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கக் குடியியல் தகைமையீனங்களை விதித்தல் சட்டம், இலஞ்சம் பற்றிய விசாரணை ஆணைக்குழு ஒன்றின் முடிபுகளை அடிப்படையாகக் கொண்டு, பெயர் குறிப்பிட்ட சிலருக்கு வாக்களிக்கும் உரிமையையும் தேர்தலில் நிற்கும் உரிமையையும் ஏழாண்டுகளுக்கு இல்லாதாக்கியது. கல்முனை உறுப்பினரின் ஆசனமும் பறிபோயிற்று. லியனகே வழக்கையே துணையாகக் கொண்டு அவர் வாதிட்டார். ஆனால், இது தண்டனையன்று, பொதுவாழ்வைத் தூய்மையாக வைத்திருப்பதற்கான ஏற்பாடே எனக் கூறிய கோமறைக் கழகம் அச்சட்டத்தைச் செல்லுபடியாகும் என ஏற்றது.

சட்ட அறிஞர் இவ்விரண்டுக்கும் இடையே கண்ட வேறுபாடு நுண்மையானது. குறித்த ஆட்களைக் கருதுவது மட்டும் ஒரு சட்டத்தைப் பழுதாக்காது. குற்றவாளியெனத் தீர்த்துத் தண்டிப்பது நீதிமன்றின் தொழிலா, சட்டமன்றின் தொழிலா என்பதே கேள்வி. நீதித்துறையின் சுதந்திரத்திற்கு இக்கோட்பாடு ஆற்றிய பணியை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் இக்கோட்பாட்டின் கண் எப்போதும் நிறுவனங்களையே நோக்குகின்றது. யாருடைய அதிகாரத்தை யார் கவர்ந்தார் என்று கேட்கும் அது, காவலறையில் ஒரு மனிதனுக்கு நேர்ந்தது யாது என்று கேட்பதில்லை. இக்குறை மூன்றாவது சட்டத்தை அணுகும்போதே நன்கு புலனாகின்றது.

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்றாண்டுகளுக்கென்றே கொண்டுவரப்பட்டு, 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்யப்பட்ட குற்ற ஒப்புதலைச் சான்றாக ஏற்கலாகாது என்கின்றது. குடியேற்ற ஆட்சி தந்த அப்பாதுகாப்பைச் சுதந்திர நாட்டின் சட்டத்து 16ஆம் பிரிவு நீக்கியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவர் பெற்ற ஒப்புதல் போதும். அது வலிந்து பெறப்பட்டதென எண்பிக்கும் பொறுப்பு எதிரியின் தலைமேல் வைக்கப்பட்டது. லியனகே வழக்கிற் கண்டிக்கப்பட்ட அம்சங்களுள் ஒன்று இவ்வாறு மீண்டும் வந்தது. ஆயின் இம்முறை அது எவரையும் தனித்துக் கருதவில்லை. எல்லோருக்கும் பொதுவாக வந்தது. ஆகவே பழைய அளவுகோலுக்கு அது அகப்படவில்லை. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, நிறைவேறிய சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றும் வினவலாகாது எனவும் விதித்திருந்தது. சர்வதேச நீதிவல்லுநர் ஆணைக்குழுவுக்காக 1981இல் அறிக்கை எழுதிய வேர்ஜினியா லியரி, இச்சட்டத்தைத் தென்னாபிரிக்காவின் 1967ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தோடு ஒப்பிட்டார். அவ்வொப்பீடு பயனுள்ளதே. எனினும் சட்ட வாசகத்தை இன்னொரு சட்ட வாசகத்தோடு ஒப்பிடுவதோடு புலமை நின்றுவிடலாகாது.

சிங்கராசா வழக்கை எடுத்துக்கொள்வோம். 1993இல் கிழக்கிற் கைதான இத்தமிழருக்கு எதிரான முக்கிய சான்று ஓர் ஒப்புதல் வாக்குமூலம். அது சிங்களத்தில் தட்டச்சுச் செய்யப்பட்டிருந்தது. அவர் அதிற் பெருவிரல் அடையாளம் இட்டிருந்தார். உரைபெயர்த்தவரும் பொலிஸ் உத்தியோகத்தரே. 1995இல் மேல் நீதிமன்றம் ஐந்து குற்றங்களுக்குப் பத்துப் பத்தாண்டுகளாக ஐம்பதாண்டுச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்தாயிற்று. 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, அவர் முழுமையாக விளங்கிக்கொள்ளாத மொழியில், புலனாய்வாளர் மட்டுமே இருக்கப் பெறப்பட்ட ஒப்புதலில் தங்கி நடந்த விசாரணை நியாயமானதன்று எனக் கண்டது. அதைக்கொண்டு அவர் மீண்டும் உயர் நீதிமன்றை நாடினார். 2006இல் உயர் நீதிமன்றம் மனுவை நிராகரித்தது. தனிமனிதர் அக்குழுவிடம் முறையிட வழிசெய்யும் விருப்புரிமை ஒப்பந்தத்தில் 1997இல் இலங்கை இணைந்தமையே அரசியலமைப்புக்கு முரணானது என்பது அதன் காரணம்.

இத்தீர்ப்பைப் பற்றி எழுதப்பட்டவை பல. சர்வதேச ஒப்பந்தம் உள்நாட்டுச் சட்டமாவது எங்ஙனம், சனாதிபதியின் அதிகார எல்லை யாது, இறைமை எங்குள்ளது என்பனவே அவற்றுட் பெரும்பாலானவற்றின் பொருள். இவை வேண்டாத வினாக்கள் அல்ல. ஆனால் அவ்விவாதத்தின் நடுவே கைநாட்டு மறைந்துவிட்டது. தான் வாசிக்கமுடியாத தாளில் விரல் பதித்த ஒருவன், அது தன் சொல்லன்று என எவ்வாறு எண்பிப்பான்? 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் 16ஆம் பிரிவை அவ்வாறே விட்டுவைத்தது.

‘பாதுகாப்பு வேண்டாமா?’ எனச் சிலர் வினவலாம். அவ்வினாவை எள்ளி ஒதுக்க எம்மால் இயலாது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் கொல்லப்பட்டோர் எம்மவர். 2019 ஏப்ரல் 26ஆம் நாள் சாய்ந்தமருதில் ஒரு வீட்டினுள் வெடித்த குண்டுகள் குழந்தைகளையும் கொன்றன. பயங்கரவாதம் எமக்குப் பாடநூற் சொல்லன்று. அதனாலேயே சொல்கிறோம்: வலிந்து பெற்ற ஒப்புதல் ஒரு வழக்கை முடித்துவைக்கும், உண்மையான குற்றவாளியைக் கண்டுபிடிக்காது. பொய்யான ஒப்புதலின் மேற் கட்டிய பாதுகாப்பு, கொல்லப்பட்டோருக்கும் நீதி செய்வதில்லை. தமிழருக்கென வந்த சட்டம் எனக் கருதி எம்மவர் சிலர் நெடுங்காலம் பாராமுகமாக இருந்தமையும் உண்மையே. 2019இன் பின் அதே சட்டம் எம் வீட்டுக் கதவையும் தட்டியது.

கவிஞர் அஹ்னாப் ஜஸீமின் வழக்கு இதற்குச் சான்று. 2017இல் வெளிவந்த அவரது ‘நவரசம்’ என்னும் தமிழ்க் கவிதை நூல் தீவிரவாதத்தைப் பரப்புகின்றது எனக் கூறப்பட்டு, 2020 மே மாதத்தில் அவர் கைதானார். 2021 டிசம்பரிற் பிணையும், 2023 டிசம்பரிற் புத்தளம் மேல் நீதிமன்றில் விடுதலையும் கிடைத்தன. சிங்கராசா வழக்கில் எதிரிக்கு விளங்காத தாள் சான்றாயிற்று. இங்கோ கவிதையே சான்றாயிற்று. கவிதையை எவ்வாறு வாசிப்பது என்னும் வினா, ஒருவரின் சுதந்திரத்தைத் தீர்மானிக்கும் வினாவாகியது. கலைப்பீட மாணவராகிய நாம் சட்டம் எமது துறையன்று என ஒதுங்கியிருத்தல் இனித் தகாது.

இவ்விடத்திற்றான் சட்டக் கல்வி பற்றிய கேள்வி எழுகின்றது. சட்டக் கல்லூரி 1874 முதலும், பல்கலைக்கழகச் சட்டத்துறை 1947 முதலும் இயங்கி வருகின்றன. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கு 2020இல் வெளியான ஒழுங்குவிதிகளைப் பாராளுமன்றம் 2023 மார்ச்சில் நிராகரித்தது. அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் பரீட்சை மொழியைக் காப்பதோடு பணி முடியாது. மேற்கூறிய மூன்று வழக்குகளின் தீர்ப்புகளையும் மூலத்திற் கற்க விழையும் தமிழ் மாணவன் ஆங்கிலத்தையே நாடவேண்டும். ஆங்கிலத்தைக் கற்கவேண்டாம் என்பது எமது கருத்தன்று. எந்த மொழியில் ஒருவன் விசாரிக்கப்படுகின்றானோ, அந்த மொழியில் அவனது உரிமை பற்றிய புலமையும் வளரவேண்டும் என்பதே எமது கருத்து. சட்டபீடத்தாரும் தமிழ்த்துறையாரும் சேர்ந்து இத்தீர்ப்புகளைத் தமிழாக்கி, விளக்கவுரையுடன் வெளியிடுவார்களாயின் அது நற்றொடக்கமாகும்.

கல்முனையின் உறுப்பினர் தம் ஆசனத்துக்காக இலண்டன் வரை சென்று வாதிட முடிந்தது. கைநாட்டு இட்டவருக்காகவும் வழக்கறிஞர் ஜெனீவா வரை சென்றனர்; மீண்டு வந்தபோது கதவு அடைக்கப்பட்டிருந்தது. முன்னைய வழக்கின் கோட்பாட்டை எமது சட்டப் புலமை நன்கு விளக்கிவிட்டது. பின்னைய வழக்கின் தாளை வாசிக்க அது இன்னும் பழகவேண்டியிருக்கின்றது.