எட்டு முதல் இதழ்களும் ஒரு மறுபிறப்பும்

ஓர் இதழுக்கு முதல் இதழ் எத்தனை முறை வர முடியும்? ஒரு முறைதான் என்று எவரும் சொல்வோம். ஆனால் அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் வெளியிட்ட 'டேர்டெவில்' என்னும் சித்திரக்கதை இதழுக்கு 1964 முதல் 2023 வரை எட்டு முறை முதல் இதழ் வந்திருக்கிறது. புதிய எண்ணைக் கண்டால் புதிய வாசகர் கையை நீட்டுவார் என்பது பதிப்பாளரின் கணக்கு. இதை வணிகத் தந்திரம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆயினும் இத்தொடரின் நாயகன் ஒரு கத்தோலிக்கன். குற்ற உணர்வும் மனஸ்தாபமும் மன்னிப்பும் அவன் கதையின் உயிர்நாடிகள். அப்படிப்பட்ட ஒருவனின் வாழ்வை அடிக்கடி 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கும்போது நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழாமல் இல்லை. பழையதை அழித்துவிட்டுப் புதிதாய்த் தொடங்குவதுதான் மறுபிறப்பா?

தொடக்கத்தில் இக்கேள்விக்கே இடமிருக்கவில்லை. 1964 ஏப்ரல் தேதியிட்டு, 12 சென்ட் விலையில் வெளிவந்த முதல் இதழை ஸ்டான் லீ எழுத, பில் எவரெட் வரைந்தார். நியூயார்க் நகரில் 'நரகத்தின் அடுக்களை' என்று பொருள்படும் ஹெல்ஸ் கிச்சன் பகுதியில் வளர்ந்த சிறுவன் மாட் மர்டாக், சாலையில் முதியவர் ஒருவரைக் காப்பாற்றப் பாய்ந்து, கதிரியக்கப் பொருள் பட்டுக் கண்ணிழக்கிறான். மற்றப் புலன்களோ மனித அளவைக் கடந்து கூர்மை பெறுகின்றன. குத்துச்சண்டை வீரரான தந்தை, மகன் முன் தலைகுனிய மனமின்றி, தோற்றுக்கொடுக்க மறுத்து உயிரிழக்கிறார். மகன் பகலில் வழக்கறிஞன் ஆகிறான். இரவில் முகமூடி அணிகிறான். சட்டத்தை நம்பும் ஒருவன் சட்டத்துக்கு வெளியே கையை ஓங்குகிறான். இந்த முரண் முதல் இதழிலேயே விதைக்கப்பட்டது. ஆனால் அது முளைக்கப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வாலி வுட் 7ஆம் இதழில் அவனுக்குச் செந்நிற உடை தந்தார். ஜீன் கோலன் பல ஆண்டுகள் அழகுற வரைந்தார். 1972இல் கதைக்களம் சான் பிரான்சிஸ்கோவுக்குச் சென்று திரும்பியது. இத்தனைக்குப் பின்னும் எழுபதுகளின் இறுதியில் விற்பனை சரிந்து, இதழ் இரு மாதங்களுக்கு ஒருமுறை வரும் நிலைக்கு இறங்கியது.

அவ்வேளையில் வந்தவர் பிராங்க் மில்லர். 1979இல் 158ஆம் இதழிலிருந்து ஓவியராகவும், 1981இல் 168ஆம் இதழிலிருந்து எழுத்தாளராகவும் பொறுப்பேற்றார். எலெக்ட்ரா என்ற பழைய காதலியைப் படைத்தார். 1982இல் 181ஆம் இதழில் அவளைக் கொலையுறச் செய்தார். ஸ்பைடர்மேன் கதையிலிருந்து கிங்பின் என்ற குற்றத் தலைவனை இங்கே கொண்டுவந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, மர்டாக்கின் கத்தோலிக்கப் பின்னணியைக் கதையின் நடுவுக்குக் கொணர்ந்தவர் அவரே.

அவர் விலகிச் சென்று, 1986இல் மீண்டும் வந்து, டேவிட் மாசுக்கெல்லியின் ஓவியத்துணையுடன் 227 முதல் 233 வரை ஏழு இதழ்களில் எழுதிய கதைக்கு 'பார்ன் அகெய்ன்' என்று பெயர். மீண்டும் பிறந்தவன் என்பது பொருள். கேரன் பேஜ் முதல் இதழிலேயே வழக்கறிஞர் அலுவலகத்தின் செயலராக அறிமுகமானவள், மர்டாக்கின் காதலி. நடிகையாகப் புறப்பட்டு, போதைக்கு அடிமையாகி, ஒரு வேளை மருந்துக்காக அவனுடைய இரகசியப் பெயரை விற்றுவிடுகிறாள். அப்பெயர் கிங்பின்னின் கையை அடைகிறது. வங்கிப் பணம் முடக்கப்படுகிறது. வழக்கறிஞர் உரிமை பறிபோகிறது. வீடு வெடித்துச் சிதறுகிறது. யோபுவைப் போல் ஒவ்வொன்றாய் இழந்தவன் இறுதியில் தன் மதியையும் இழக்கும் நிலைக்கு வந்து தெருவில் கிடக்கிறான். உத்தரிக்கிற தலம், உலகின் முடிவு என்று அவ்விதழ்களுக்குத் தலைப்புகள் இடப்பட்டிருப்பதும் தற்செயலன்று.

அவனைத் தேற்றி எடுப்பவர் மேகி என்ற அருட்சகோதரி. 'நீங்கள் என் தாயா?' என்று அவன் கேட்கிறான். இல்லை என்கிறார். எவருடைய இதயத்துடிப்பையும் கேட்டு உண்மையறியும் அவனுக்கு விடை கிடைத்துவிடுகிறது. அடுத்து நிகழ்வதே கதையின் சிகரம். தன்னைக் காட்டிக்கொடுத்த கேரனை அவன் தேடிக் கண்டு அணைத்துக்கொள்கிறான். விசாரணை இல்லை, கணக்குக் கேட்டலும் இல்லை. இழந்த செல்வம் எதுவும் திரும்பவில்லை. ஏழ்மையில், அதே ஹெல்ஸ் கிச்சனில், இருவரும் வாழ்வைத் தொடர்கின்றனர். ஊதாரி மைந்தனின் உவமையை அறிந்த நமக்கு இக்காட்சி அந்நியமானதாய் இராது. உயிர்த்த ஆண்டவரின் கரங்களில் ஆணித்தழும்புகள் மறையாதிருந்தன என்பதையும் நாம் இங்கே நினைவுகூரலாம். மெய்யான மறுபிறப்பு தழும்பை அழிப்பதில்லை. மில்லர் இதைக் கற்பித்தாரோ இல்லையோ, அவர் கதை இதைக் காட்டியது. அவ்விதழ்களின் எண்களும் அப்படியே. 230ஆம் இதழில் மீண்டும் பிறந்தவன், அடுத்த மாதம் 231ஆம் இதழில்தான் எழுந்து நடந்தான்.

பின்வந்த வரலாறோ வேறு வழியில் சென்றது. 1998 அக்டோபரில் 380ஆம் இதழோடு முதல் வரிசை நிறுத்தப்பட்டது. நவம்பரில் இரண்டாவது 'முதல் இதழ்' வந்தது. திரைப்பட இயக்குநர் கெவின் ஸ்மித் எழுதினார். ஜோ கெசாடா வரைந்தார். இதழ் பெரும் கவனம் பெற்றது. ஆனால் 1999இல் அக்கதை செய்தது என்ன? மன்னிக்கப்பெற்ற அதே கேரனைத் தேவாலயத்துக்குள்ளேயே கொன்றது. எலெக்ட்ராவைக் கொன்ற அதே கொலைஞனே இங்கும் வந்தான். நாயகனுக்குப் புதிய துயரம் வேண்டுமென்பதற்காக, மீட்கப்பட்ட ஒரு பெண்ணின் உயிர் செலவிடப்பட்டது. சிலுவையும் பீடமும் வண்ணக் கண்ணாடியும் அப்பக்கங்களில் நிறைந்திருக்கின்றன. 1986இன் கதையில் நிறைந்திருந்த இரக்கம் மட்டும் குறைவு. சமயச் சின்னங்கள் மிகுந்தால் சமய உணர்வு மிகும் என்று எண்ணுவோருக்கு இது நல்லதொரு பாடம்.

எண்களின் கதையும் விந்தையானது. இரண்டாம் வரிசை 119 இதழ்கள் வந்தபின், 380உடன் கூட்டினால் 499 என்று கண்டார்கள். 2009இல் அடுத்த இதழ் 500 ஆயிற்று! விழா முடிந்தது, 512ஆம் இதழோடு வரிசையும் நின்றது. 513 என்ற எண்ணோ பிளாக் பாந்தர் என்னும் வேறொரு நாயகனின் இதழுக்குத் தரப்பட்டது. 2011இலும் 2014இலும் 2015இலும் மீண்டும் மீண்டும் முதல் இதழ்கள். அவற்றின் 36, 18, 28 ஆகிய இதழ்களைப் பழைய 512உடன் சேர்த்தால் 594. ஆகவே 2017இல் 595, மறு ஆண்டில் 600. விளம்பரத்துக்கு இளமை வேண்டியபோது வயது மறைக்கப்பட்டது. பெருமைக்கு முதுமை வேண்டியபோது பிறப்புச் சான்று தேடி எடுக்கப்பட்டது. 612இல் நின்ற தொடர் 2019, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் மறுபடி 'ஒன்று' ஆயிற்று.

எழுத்தாளர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. பிரையன் மைக்கேல் பெண்டிஸும் ஓவியர் அலெக்ஸ் மலீவும் 2001 முதல் 2006 வரை, நாயகனின் இரகசியம் உலகறிய வெளிப்பட்டால் என்னவாகும் என்பதைப் பொறுமையோடு எழுதிக் காட்டினர். மார்க் வெய்ட் 2011இல் கதைக்கு ஒளியையும் சிரிப்பையும் மீட்டுத் தந்தார். மறு ஆண்டு சிறந்த தொடருக்கான ஐஸ்னர் விருது அதற்குக் கிடைத்தது. அடுத்து வந்த சார்ல்ஸ் சோல், முதல் இதழ்களின் பொய்ம்மையைத் தம்மையறியாமலே கதையாக்கினார் எனலாம். அவருடைய வரிசையில், மர்டாக்கின் இரகசியத்தை உலகம் முழுவதும் ஒரே கணத்தில் மறந்துவிடுகிறது. எல்லாரும் ஆசைப்படும் புதுத் தொடக்கம்! ஆனால் அவன் நேசித்தவளும் அல்லவா மறந்துவிட்டாள்? நெஞ்சின் பாரம் குறையவில்லை. 2017இல் வந்த கதையில் அவன் ஒரு குருவானவரிடம் சென்று நடந்ததைச் சொல்கிறான். உலகமே மறந்த ஒன்றை ஒருவரேனும் அறிந்திருக்க வேண்டும் என்று மனிதன் தவிக்கிறான். மறதி வேறு; மன்னிப்பு வேறு. மறந்தவர் நம்மை அறியாதவர் ஆகிவிடுகிறார். மன்னிப்பவரோ நம்மை முழுதும் அறிந்தபின் மன்னிக்கிறார்.

2019இல் தொடங்கிய சிப் ஸ்டார்ஸ்கியின் கதை இதையே இன்னும் ஆழப்படுத்தியது. திருடன் ஒருவனை நாயகன் அறியாமல் கொன்றுவிடுகிறான். பின்னர் தண்டனையை ஏற்றுச் சிறை புகுகிறான். பரிகாரம் செய்யாத மனஸ்தாபம் முழுமையாகாது என்று நம் மறைக்கல்வி சொல்வதை இங்கே காண்கிறோம். ஆயினும் இவ்வகை இலக்கியத்தின் எல்லையையும் இங்கேயே காண்கிறோம். இனிப் பாவம் செய்யேன் என்ற உறுதி அவனுக்கு அனுமதிக்கப்படவில்லை. முகமூடியை அவன் மெய்யாகவே கழற்றிவிட்டால் அடுத்த மாதம் இதழ் இல்லை. 2023இல் சலதீன் அகமது எழுதிய வரிசையில் மர்டாக் குருவாகவே வருகிறான். அங்கும் கையை ஓங்காதிருக்க அவனால் இயலவில்லை.

2025இல் வந்த தொலைக்காட்சித் தொடர் ஒன்று 'பார்ன் அகெய்ன்' என்ற பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு கதையைச் சொன்னது. பெயர் அவ்வளவு எளிதாய்க் கைமாறுகிறது. அப்பெயருக்கு உரிய அனுபவம் அவ்வாறு கைமாறுவதில்லை.

நாமும் ஆண்டுதோறும் தவக்காலத்தில் புதிய முதல் பக்கம் ஒன்றைத் திறக்க விரும்புகிறோம். பழைய பக்கங்கள் கிழிந்து மறைந்துவிட வேண்டுமென்றும் விரும்புகிறோம். ஒப்புரவு அருட்சாதனம் அப்படிச் செய்வதில்லை. நம் பழைய எண்ணோடே, அதற்கு அடுத்த எண்ணிலேயே அது நம்மை எழுந்து நடக்கச் சொல்கிறது. எட்டு முதல் இதழ்களைக் கண்ட தொடரில், 231ஆம் இதழ்தான் நமக்கு இதைச் சொல்கிறது.